கல்லச்சும் எழுத்தணியும்: கோவில்பட்டி ஓவியப் பள்ளி நமக்குத் தரும் பாடம்

தமிழ் முஸ்லிம்களின் அறிவுமரபு குறித்து எழுதப்பெறும் கட்டுரைகளுள் பெரும்பாலானவை சொல்லைப் பற்றியனவாகவே அமைந்துள்ளன. காப்பியம், கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா, படைப்போர் என நாம் பெருமிதத்துடன் எடுத்துரைக்கும் செல்வங்கள் யாவும் நாவுக்கும் செவிக்கும் உரியவை. கண்ணுக்குரிய கலைகளைப் பற்றிப் பேச வரும்போது மட்டும் நம்மிடையே ஒரு தயக்கம் தோன்றுகிறது. அத்தயக்கத்திற்கு மார்க்க அடிப்படை உண்டு என்பதை நாம் அறிவோம். அதைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. எனினும், பேசாமல் விட்டதன் விளைவு நம் கண்முன்னே நிற்கிறது. நம் இல்லங்களின் சுவர்கள், திருமண அழைப்பிதழ்கள், மதரஸா விழாப் பதாகைகள், நூல்களின் மேலட்டைகள் ஆகிய அனைத்தும் யாரோ, எங்கோ, எதற்காகவோ ஆக்கிவைத்த படங்களால் நிரம்பிக் கிடக்கின்றன. உருவப்படம் வேண்டாம் என்று விலகி நின்ற நாம், அதற்கு ஈடாக எதைக் கண்முன் வைக்கவேண்டும் என்று சிந்திக்கவில்லை.

ஒரு சமூகம் காண்கலையில் அகத்தூண்டல் பெறுவது எவ்வாறு? உலகெங்கும் இன்று வரையப்படும் படங்களையும் வடிவமைப்புகளையும் கண்டு, அவற்றை நகலெடுக்காமல், அவற்றிலிருந்து தனக்குரியதைப் படைத்துக்கொள்வது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை தேட நாம் இஸ்தான்புல்லுக்கோ பாரிசுக்கோ உடனே செல்லவேண்டியதில்லை. கோவில்பட்டியிலிருந்தே தொடங்கலாம்.

கரிசல் மண்ணில் ஓர் ஓவியப் பள்ளி

கோவில்பட்டி என்றவுடன் கடலை மிட்டாயும் தீப்பெட்டியும் பருத்தி ஆலையும் கி. ராஜநாராயணனின் எழுத்தும் நினைவுக்கு வரும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்னிந்திய இல்லங்களின் சுவர்களில் தொங்கிய காலண்டர் படங்களுக்கு ஒரு தனிப்பாணியை வகுத்தளித்ததும் இவ்வூரே என்பது பலர் அறியாதது. அப்பாணியின் மூலவர் சி. கொண்டைய ராஜு (1898 – 1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சிறிது காலம் தங்கியிருந்தவர். பின்னர் நாடகக் குழுவொன்றில் சேர்ந்து மேடைத் திரைச்சீலைகள் வரைந்தார். ஊர் ஊராகச் சென்ற அக்குழு கோவில்பட்டியில் கலைந்தபோது அவ்வூரிலேயே தங்கினார். 1940களில் அவரும் அவருடைய மாணவர்களும் நடத்திய தேவி ஆர்ட் ஸ்டுடியோ, நிழற்படக் கூடமாகவும் ஓவியக் கூடமாகவும் ஒருங்கே விளங்கியது. டி. எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி. எஸ். அருணாசலம், மீனாட்சிசுந்தரம் முதலியோர் அவர்வழி வந்தவர்கள்.

அவர்கள் வரைந்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை இந்து சமயத் தெய்வ உருவங்கள். அவ்வாறிருக்க, ஓர் இஸ்லாமியப் பண்பாட்டு இதழில் அவர்களைப் பற்றிப் பேசுவானேன் என்ற வினா வாசகர்களுக்கு எழக்கூடும். நேர்மையான வினா அது. படைப்பின் பொருள் வேறு, படைக்கும் முறை வேறு என்பதே நம் மறுமொழி. பொருளில் நமக்கும் அவர்களுக்கும் உடன்பாடில்லை. முறையில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

கொண்டைய ராஜுவின் முன் குறைந்தது நான்கு ஊற்றுக்கண்கள் இருந்தன. முதலாவது, நேர்முகமாக அமரும் உருவமும் நெருக்கமான அணிகலன்களும் கொண்ட தஞ்சாவூர் ஓவிய மரபு. இரண்டாவது, ஐரோப்பிய முறையில் ஒளியும் நிழலும் காட்டி, 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வாயிலாகப் படங்களை எளிய மக்களின் வீடுகளுக்குள் கொண்டுசென்ற ரவிவர்மாவின் (1848 – 1906) மரபு. மூன்றாவது, அரண்மனைத் தூண்களும் தோட்டமும் தொலைவு மலையும் வரையப்பட்ட நாடகத் திரைச்சீலை. நான்காவது, முகத்தின் சுருக்கங்களைத் தூரிகையால் மென்மையாக்கும் நிழற்படக் கூடத்தின் கைவேலை. இந்நான்கில் எதையும் அவர் அப்படியே எடுத்து வைக்கவில்லை. தஞ்சையின் நேர்நோக்கு, ரவிவர்மாவின் தசைமென்மை, மேடையின் ஆழம், நிழற்படத்தின் வழவழப்பு ஆகியவற்றைப் பிசைந்து, பார்த்தவுடன் 'இது கோவில்பட்டிப் பாணி' என்று அடையாளம் காணத்தக்க ஐந்தாவதான ஒன்றை ஆக்கினார். அகத்தூண்டல் என்பதற்கு இதனினும் தெளிவான உரை வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. அப்படங்கள் பலவற்றில் ஆசிரியரின் பெயரும் மாணவரின் பெயரும் இணைந்தே கையொப்பமாக இடம்பெற்றன. நம் எழுத்தணிக் கலையை அறிந்தோருக்கு இது புதிதன்று. உஸ்மானிய மரபில் ஒரு மாணவர் தம் ஆசிரியரிடம் 'இஜாஸா' பெறும் வரையில், 'இதை எழுதியவர் இன்னார்' என்று தம் எழுத்தின்கீழ்ப் பெயரிடும் உரிமை அவருக்கு இல்லை. ஹதீஸ் அறிவிப்புக்கு 'சனது' எப்படியோ, அப்படியே கோட்டுக்கும் வளைவுக்கும் ஒரு தொடர் உண்டு. யாரிடமிருந்து பெற்றோம் என்று வெளிப்படச் சொல்வதே அறிவின் அறம். நகலெடுப்பவன் மூலத்தை மறைக்கிறான். அகத்தூண்டல் பெறுபவன் அதைப் பெருமையுடன் சொல்கிறான்.

கல்லச்சு: இரு மரபுகள் சந்தித்த இடம்

கோவில்பட்டி ஓவியங்கள் இல்லந்தோறும் சென்றதற்குச் சிவகாசியின் அச்சகங்களே காரணம். 1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை பொய்க்கும் வானம்பார்த்த பூமியில் தீப்பெட்டி ஆபீஸ்கள் பெருகின. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும்; லேபிளுக்கு அச்சகம் வேண்டும்; அச்சகத்திற்கு ஆண்டு முழுவதும் வேலை வேண்டும். இவ்வாறு காலண்டர்த் தொழில் வளர்ந்தது. அதற்குப் படம் வரைய ஆள் தேவைப்பட்டபோது, சாத்தூர் வழியாகச் சில மணிநேரப் பயணத்தில் கோவில்பட்டி இருந்தது.

அவ்வச்சகங்களின் தொடக்ககால முறை கல்லச்சு. 1796இல் ஜெர்மானியரான அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த இம்முறையின் அடிப்படை எளியது. எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேரா. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதி, கல்லை நீரால் நனைத்து, அதன்மேல் மை உருளையை ஓட்டினால், எழுதிய இடம் மட்டும் மையைப் பற்றும். நனைந்த இடம் விலக்கும். தாளை அதன்மேல் வைத்து அழுத்தினால் கையெழுத்து அப்படியே பதியும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் வேண்டும். பின்னர் வந்த ஆஃப்செட் அச்சும் உலோகத் தகட்டையும் ரப்பர் விரிப்பையும் கொண்டு இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

இக்கல்லச்சுக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. தமிழ் எழுத்துக்கள் தனித்தனியே நிற்பவை; அவற்றை ஈய அச்சுகளாக வார்ப்பது இயலும். அரபு எழுத்தோ சொல்லின் முதலிலும் இடையிலும் இறுதியிலும் வடிவம் மாறி, ஒன்றையொன்று கைகோத்துச் செல்வது. ஈய அச்சில் அவ்வெழுத்து தன் ஓட்டத்தை இழந்தது. காத்திபின் கையெழுத்தை உயிரோடு தாளில் பதித்துத் தந்தது கல்லச்சே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னரும் நம் முன்னோர் வெளியிட்ட அரபுத் தமிழ் நூல்கள் பல கல்லச்சில் வந்தமைக்கு இதுவே காரணம். அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துக்களின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துக்களை ஆக்கிக்கொண்ட அவர்களின் செயல், மொழியியல் சாதனை மட்டுமன்று. அது ஒரு வடிவமைப்புச் சாதனையும் ஆகும். வேற்றுநிலத்து எழுத்துருவை எடுத்து, அதன் இலக்கணத்தைக் குலைக்காமல், தம் நாவின் தேவைக்கேற்ப விரித்துக்கொண்டனர்.

தீப்பெட்டி லேபிளிலும் நாம் கற்பதற்குரிய ஒன்றுண்டு. உள்ளங்கையில் அடங்கும் இடம், ஓரிரு வண்ணம், வாங்குபவர் படிக்கத் தெரியாதவராகவும் இருக்கலாம். எனவே விளக்கு, கப்பல், மீன், பிறை என ஒரே வடிவம், ஒரே பார்வையில் மனத்தில் தைக்கவேண்டும். இன்று உலகின் வடிவமைப்புக் கல்லூரிகள் சொல்லித்தரும் 'குறைவே நிறைவு' என்னும் பாடத்தைக் கரிசல்காட்டுத் தொழிலாளர்கள் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் ஒட்டி அனுப்பினர்.

மார்க்கம் வகுத்த எல்லை

இவ்விடத்தில் உருவம் பற்றிய மார்க்கச் சட்டத்தைச் சுருக்கமாகவேனும் காணுதல் வேண்டும். உயிருள்ளவற்றின் உருவங்களைப் படைப்போரைப் பற்றிய கடுமையான எச்சரிக்கைகள் புகாரி, முஸ்லிம் முதலிய ஹதீஸ் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளன. உருவங்கள் இருந்த திரைச்சீலையை நபி (ஸல்) அவர்கள் விரும்பாததும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அத்துணியைத் தலையணைகளாக ஆக்கிக்கொண்டதும் அறியப்பட்ட செய்திகள். அன்னையார் சிறுமியாக இருந்தபோது வைத்திருந்த விளையாட்டுப் பொம்மைகளையும் சிறகுடைய குதிரைப் பொம்மையையும் நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்பதை அபூதாவூத் பதிவு செய்துள்ளது. இவ்வறிவிப்புகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே ஃபிக்ஹ் அறிஞர்கள் சட்டங்களை வகுத்தனர். உயிருருவத்தை முற்றிலும் விலக்கியோர் பெரும்பான்மையினர். நிழல் விழும் சிலைக்கும் தட்டையான படத்துக்கும் வேறுபாடு கண்டோர் மாலிக்கி அறிஞர்களிடையே இருந்தனர். இருபதாம் நூற்றாண்டில் நிழற்படம் பரவியபோது, எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ, அது படைத்தல் அன்று, நிழலைப் பிடித்து நிறுத்துதலே என்று வாதிட்டு அதை அனுமதித்துத் தனி நூலே எழுதினார். அதை ஏற்காத உலமாக்களும் இருந்தனர்.

இக்கருத்து வேறுபாட்டுக்கு இக்கட்டுரையில் தீர்ப்புக் கூறுவது நம் பணியன்று. நாம் சுட்ட விழைவது, எல்லாத் தரப்பினரும் ஏற்கும் ஒரு பரந்த வெளியை. படம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்டார். எச்சரிக்கையைக் கேட்டு முகம் வெளிறிப்போன அவரிடம், தொழிலை விட இயலாதெனில் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு அவர்கள் வழிகாட்டினார்கள். கதவை மூடும்போதே மற்றொரு கதவைத் திறந்துவிட்ட வழிகாட்டல் இது. அதன்பின் நிகழ்ந்ததை வரலாறு காட்டுகிறது. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் இறுதியில், கி.பி. 715 அளவில் நிறைவுற்ற திமிஷ்கின் உமையா பள்ளிவாசலில், ரோமானிய மரபுவழி வந்த வண்ணக்கல் பதிப்பு முறை கையாளப்பட்டது. ஆறுகள், மரங்கள், மாளிகைகள் சுவரெங்கும் விரிந்தன. மனிதரோ விலங்கோ இல்லை. அயலாரின் கைமுறையை ஏற்று, அதன் பொருளைத் தம் நம்பிக்கைக்கேற்ப அமைத்துக்கொண்ட பழஞ்சான்று அது.

இதே நிகழ்ச்சி நம் கடற்கரையிலும் நடந்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள பழைய கல்லுப் பள்ளிகளைக் காண்போர், தூண்களும் போதிகைகளும் தமிழ்நாட்டுக் கோயில் கட்டடக்கலையின் உறுப்புகளாகவே இருப்பதை உடனே உணர்வர். ஆனால் யாளியும் கடவுளுருவும் இருந்திருக்கக்கூடிய இடங்களில் தாமரையும் கொடியும் வடிவக்கணிதக் கோலங்களும் அமைந்துள்ளன. உளியைப் பிடித்த கை அதே கைதான். அதற்கு இடப்பட்ட பணி வேறு.

உமறுப் புலவர் காட்டிய வழி

கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் எட்டயபுரம் உள்ளது. பாரதியார் பிறந்த அவ்வூரில்தான் சீறாப்புராணம் தந்த உமறுப் புலவரின் அடக்கத்தலம் அமைந்துள்ளது. நாம் பேசும் பொருளில் அவரே நமக்கு நெருங்கிய ஆசான்.

விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களில் நபிகளாரின் வரலாற்றைப் பாடவந்த அவர், அரபு நாட்டை வருணிக்கத் தமிழ்க் காப்பிய மரபைக் கைக்கொண்டார். மழை பொழிந்து, வெள்ளம் பெருகி, வயல் விளையும் மருத நிலமாக அரபு நாடு அவர் காப்பியத்தில் காட்சியளிக்கிறது. பாலைவன நாட்டில் ஏது நெல்வயல் என்று குறைகூறுவோர் உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். உமறு ஒரு நாட்டின் நிலப்படத்தை வரையவில்லை. செழிப்பு என்னும் பொருளைத் தம் வாசகர் கண்ணால் காணுமாறு செய்தார். அதுவும், தாம் வாழ்ந்த மண்ணோ மழைக்கு ஏங்கும் கரிசல். நீரின் அருமையை அறிந்த மண்ணிலிருந்துகொண்டு அவர் நீர்வளத்தைப் பாடினார். நபிகளாரின் திருவுருவத்தை எவரும் தீட்டலாகாது என்ற எல்லைக்குள் நின்றே, சொல்லால் ஓர் உலகத்தையே தீட்டிக் காட்டினார். எல்லை அவருக்குத் தடையாகவில்லை. எங்கே தம் ஆற்றலைச் செலவிடவேண்டும் என்பதை அது அவருக்குக் காட்டியது.

உலகெங்கும் இன்று

இன்றைய உலகில் இவ்வழி நடப்போர் பலர். அவர்களுள் சிலரையேனும் நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம்.

1944இல் இராக்கின் நஜஃபில் பிறந்த ஹஸன் மஸ்ஊதி, பக்தாதில் எழுத்தணிக் கலைஞர்களிடம் தொழில் பயின்று, 1969இல் பாரிசுக்குச் சென்றவர். நாணற் பேனாவால் நுணுக்கமாக எழுதும் முறையை அறிந்த அவர், அகன்ற தூரிகைகளைக் கொண்டு ஒரே வீச்சில் ஒரு சொல்லைக் கோபுரம்போல் எழுப்பினார். ஐரோப்பிய நவீன ஓவியத்தின் வண்ணத் துணிவை ஏற்றார். எழுத்தின் எலும்பமைப்பைக் கைவிடவில்லை.

அமெரிக்கரான முஹம்மது ஸக்கரிய்யா இயந்திரத் தொழிலாளராக இருந்து இஸ்லாத்தைத் தழுவியவர். இஸ்தான்புல்லில் ஹஸன் செலபியிடம் பயின்று இஜாஸா பெற்றார். அமெரிக்க அஞ்சல்துறை 2001 செப்டம்பர் 1இல் வெளியிட்ட ஈத் அஞ்சல்தலையில் நீலப் பின்னணியில் பொன்னிறத்தில் அமைந்த வாழ்த்து அவர் எழுதியது. பத்து நாள்களில் உலகம் அறிந்த அந்தத் துயர நிகழ்வு நேர்ந்தது. அதன்பின் எழுந்த வெறுப்பையும் மீறி அத்தலை மீண்டும் மீண்டும் வெளியிடப்பட்டது. தீப்பெட்டி லேபிளினும் சிறிய ஒரு தாளில் ஒரு சமூகத்தின் இருப்பைக் கண்ணியத்துடன் எழுதிவைக்க முடியும் என்பதற்கு அது சான்று.

துனீசிய மரபில் வந்த பிரெஞ்சுக் கலைஞர் எல் சீத், 2016இல் கெய்ரோவின் மன்ஷிய்யத் நாசிர் பகுதியில் ஏறத்தாழ 50 கட்டடங்களின் சுவர்களில் ஒரே வாசகத்தைப் பகுதி பகுதியாக எழுதினார். நகரின் குப்பையைச் சேகரித்துத் தரம்பிரிக்கும் கிறித்தவ மக்கள் வாழும் பகுதி அது. அருகிலுள்ள முகத்தம் குன்றின்மேல் ஏறி நின்றால்தான் எழுத்து முழுமையாகத் தெரியும். இழிவாகப் பார்க்கப்பட்ட மக்களைச் சரியான இடத்தில் நின்று பார்க்கும்படி நகரத்தாரை அழைத்த படைப்பு அது.

ஈரானின் முனீர் ஃபர்மான்ஃபர்மாயான் (மறைவு 2019) ஷீராஸின் ஷாஹ் சிராகு தலத்தில் கண்ட கண்ணாடிச் சில்லுப் பதிப்பால் ஈர்க்கப்பட்டு, அறுகோணமும் எண்கோணமும் கொண்ட நவீனச் சிற்பங்களை ஆக்கினார். வடிவக்கணித மரபின் ஆழத்தை அறிவியலாரும் ஆராய்ந்துள்ளனர். இஸ்ஃபஹானில் 1453ஆம் ஆண்டைச் சார்ந்த தர்பே இமாம் கட்டடத்தின் கோலங்கள், மேலைநாட்டுக் கணித அறிஞர் இருபதாம் நூற்றாண்டில் கண்டறிந்த, மீண்டும் ஒரேபோல் அடுக்கப்படாத அமைப்புக்கு மிக நெருங்கியவை என 2007இல் பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் ஆகிய இருவரும் எடுத்துக்காட்டினர். குழந்தைகளுக்கான நூல் துறையில், 1974இல் பெய்ரூத்தில் தோன்றிய தாருல் ஃபதா அல்அரபி என்னும் பதிப்பகமும், அதன் வடிவமைப்பை வழிநடத்திய எகிப்திய ஓவியர் முஹ்யித்தீன் அல்லப்பாதும் அரபுச் சிறார் நூல்களின் முகத்தையே மாற்றினர். 2021இல் யுனெஸ்கோ அரபு எழுத்தணிக் கலையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இவர்கள் அனைவரிடமும் பொதுவாய்க் காணப்படுவது ஒன்று. அவர்கள் முதலில் ஒரு மரபை அதன் அளவுகளுடன் முறையாகக் கற்றனர். பிறகே உலகைப் பார்த்தனர். மரபு கைவராதவர் உலகப் படங்களைப் பார்த்தால் நகலெடுக்க மட்டுமே இயலும்.

நம் அழைப்பிதழ்களும் பதாகைகளும்

இவ்வளவையும் கண்டபின் நம் நிலைக்கு வருவோம். நம் இல்லங்களில் தொங்கும் காலண்டர்களில் கஅபாவும் மதீனாவின் பச்சைக் குவிமாடமும் நாகூரின் ஐந்து மினாராக்களும் ரோஜா மலர்களுடன் இடம்பெற்று வந்தன. இந்திய முஸ்லிம்களின் சுவர்ப் படங்களை விரிவாக ஆராய்ந்த யூசுஃப் சயீத், அவற்றை வரைந்தோரிலும் அச்சிட்டோரிலும் முஸ்லிம் அல்லாதோர் பலர் இருந்ததை எடுத்துக்காட்டுகிறார். அதில் நாம் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. அயலாரின் வழிபாட்டைப் புண்படாமல் வரைந்து கொடுத்த அக்கைகளுக்கு நன்றி கூறவேண்டும். 786 என்னும் எண்ணும் அக்காலத்து வடிவமைப்பாளர்களுக்குக் கைகொடுத்தது. அப்ஜத் கணக்கில் பிஸ்மில்லாஹ்வின் எழுத்துக்களுக்குரிய கூட்டுத்தொகை அது. திருவசனம் காலடியில் விழக்கூடாதென்ற அச்சத்தால் எழுத்துக்கு மாற்றாக எண் வந்தது. அது பிஸ்மில்லாஹ்வுக்கு ஈடாகாது என்று மறுக்கும் உலமாக்களின் கருத்தும் மதிக்கத்தக்கதே. எனினும், தாளில் எழுதுவது எங்கே போய்ச் சேரும் என்று எண்ணிப்பார்த்த ஒரு தலைமுறை இருந்தது என்பதை அவ்வெண் நமக்கு நினைவூட்டுகிறது.

அவ்வச்சம் இன்று குறைந்துவிட்டது. ஃப்ளெக்ஸ் பதாகை மலிந்தபின், மதரஸாவின் பட்டமளிப்பு விழாவாயினும் மீலாது விழாவாயினும், திருமறை வசனமொன்று பெரிய எழுத்தில் இடம்பெறுவது வழக்கமாயிற்று. வடிவமைப்பவருக்கு அரபு தெரியாது. அரபு எழுத்தை இணைக்கத் தெரியாத மென்பொருளில் வசனத்தை ஒட்டும்போது, எழுத்துக்கள் பிரிந்து, இடமிருந்து வலமாகத் திரும்பி நிற்கின்றன. 'அல்லாஹ்' என்னும் திருப்பெயரே உறுப்புறுப்பாகச் சிதறிக் கிடந்த பதாகைகளை நாம் கண்டதுண்டு. விழா முடிந்தபின் அதே பதாகை கூரைக்கு மறைப்பாகவும் களத்திற்கு விரிப்பாகவும் பயன்படுகிறது. ஓதும்போது ஓர் எழுத்தின் ஒலி பிறழ்ந்தால் திருத்துகின்ற நாம், எழுதும்போது சொல்லே சிதைந்தாலும் கண்டுகொள்வதில்லை.

அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவு வாயிலாகப் படம் ஆக்கும் வழக்கம் பரவிவருகிறது. அரபு எழுத்தணி வேண்டுமென்று கேட்டால், துலுத் போலத் தோன்றும் வளைவுகளை அக்கருவிகள் தருகின்றன. உற்று நோக்கினால் அவற்றுள் பல எழுத்தே அல்லாதவை. பொருளற்ற கோடுகளைத் திருவசனமென நம்பிச் சட்டமிட்டு மாட்டும் நிலை வந்துவிட்டது. வேறு சிலரோ துருக்கியப் பள்ளிவாசலின் படத்தைக் கரிசல் கிராமத்து மக்தபின் அழைப்பிதழில் வைக்கின்றனர். பார்க்க அழகுதான். ஆனால், அக்குழந்தைகள் ஓதும் ஓட்டுக்கட்டடமும் அதன் முற்றத்து வேம்பும் ஒருபோதும் படமாகத் தகுதியற்றவை என்னும் எண்ணத்தை அது அவர்கள் மனத்தில் விதைத்துவிடுகிறது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, அரபுக் கல்லூரிகளில் எழுத்தணிக்கு வாரம் ஒரு பாடவேளையேனும் ஒதுக்கப்பட வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் இப்னு முக்லா வகுத்த அளவுமுறை மிக எளியது. நாணற் பேனாவைத் தாளில் அழுத்தினால் சாய்சதுரப் புள்ளி ஒன்று விழும். அப்புள்ளிகளை அடுக்கி அலிஃபின் உயரத்தை அளக்கலாம். அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்தால் ஏனைய எழுத்துக்களின் வளைவை அளக்கலாம். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நாணல் தாமிரபரணிக் கரையிலேயே கிடைக்கிறது.

இரண்டாவதாக, ஒவ்வொரு ஜமாஅத்தும் அரபு எழுத்துள்ள எந்த அச்சு வேலையையும் ஓர் ஆலிம் பார்வையிட்ட பின்னரே அச்சுக்கு அனுப்புவதென முடிவு செய்யலாம். தூக்கி எறியப்படும் தாள்களில் திருவசனத்தைத் தவிர்த்து, அதன் பொருளைத் தமிழில் அழகுற எழுதலாம். தமிழ் எழுத்தும் அழகுக்குரியதே.

மூன்றாவதாக, நம்மிடம் உள்ளவற்றைத் தொகுக்க வேண்டும். கல்லச்சு அரபுத் தமிழ் நூல்களின் முகப்புகள், பழைய கல்லறைக் கல்வெட்டுகள், கல்லுப் பள்ளித் தூண்களின் கொடிக்கோலங்கள், மணமக்களின் பெயரைக் கோரையிலேயே நெய்துதரும் பத்தமடைப் பாய்கள், மங்கிப்போன காலண்டர்கள் ஆகியவற்றைப் படமெடுத்து ஒழுங்குபடுத்தினால், வளரும் வடிவமைப்பாளர்களுக்கு அதுவே ஊற்றுக்கண் ஆகும். கொண்டைய ராஜுவுக்குத் தஞ்சை ஓவியம் இருந்ததுபோல் நம் இளைஞர்களுக்கும் ஒன்று கண்முன் இருக்கவேண்டும்.

நான்காவதாக, மண்ணைப் பார்க்கக் கற்றுத்தர வேண்டும். கோடையில் கரிசல் நிலம் வெடிக்கும்போது தோன்றும் பலகோணங்களைச் சற்றே நின்று நோக்குவோர்க்கு, சமர்கந்தின் ஓடுகளில் உள்ள ஒழுங்கு அந்நியமாகத் தோன்றாது. கருங்கண்ணிப் பருத்தியின் மஞ்சள் பூவும் அதன் நடுவே உள்ள கருஞ்சிவப்புப் பொட்டும், கம்பங்கதிரின் நெருக்கமான மணியடுக்கும், பனையோலையின் விசிறிக் கோடுகளும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அனுமதித்த வெளிக்குள் அடங்குபவை. துருக்கியர் துலிப் மலரைத் தம் ஓடுகளில் ஏற்றினர். நம் சுவர்களில் பருத்திப் பூ ஏறுவதற்குத் தடையாய் இருப்பது எது?

கோவில்பட்டியிலும் சிவகாசியிலும் தூரிகை பிடிக்கத் தெரிந்த கைகள் ஃப்ளெக்ஸின் வரவால் பெரிதும் குறைந்துவிட்டன. எஞ்சியிருப்போரிடம் வண்ணக் கலவையும் கோட்டின் உறுதியும் கற்க நம் இளைஞர்கள் சிலர் முன்வந்தால், அக்கைமுறையும் பிழைக்கும். நம் எழுத்தும் சிறக்கும். எதை வரையலாம் என்பதை மார்க்கம் நமக்குச் சொல்லியிருக்கிறது. எப்படி வரைவது என்பதை, அறிந்தவர் எவராயினும் அவரிடம் சென்று கேட்டுக் கற்பது நம் கடமை. அடுத்த ரமளானுக்குள் ஒரு கல்லூரியேனும் நாணற் பேனாவுடன் ஒரு வகுப்பைத் தொடங்குமாயின், இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் கிட்டியதாகக் கருதுவோம். அல்லாஹ் அதற்கு நல்லருள் புரிவானாக.